எட்ட நின்று கிட்டப் பார்த்தல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களாகிய நமக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. குளிப்பதற்கென்று போன காலம் இளமையோடு முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் கூட்டத்தை விட்டு விலகிச் சிற்றாற்றின் கரையில் சற்றுத் தூரம் நடந்து, மலைமுகட்டில் மேகம் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துவிட்டு, அஸர் தொழுகைக்கு ஊர் திரும்பிவிடுவது வழக்கம். சென்ற சாரலில் அவ்வாறு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த இளைஞரைக் கண்டோம்.

முக்காலியின் மேல் ஒரு காமிரா. அதன் முன்னே ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத லென்ஸ். அது மலையையும் நோக்கவில்லை, அருவியையும் நோக்கவில்லை. தரையை நோக்கித் தாழ்ந்திருந்தது. "தம்பி, அருவி அந்தப் பக்கம் இருக்கிறது" என்று வேடிக்கையாகச் சொன்னோம். அவர் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, "மாமா, கொஞ்சம் அங்கேயே நில்லுங்க" என்றார்.

நின்றோம். அவருக்கு முன்னால் ஏழெட்டு அடி தள்ளி, ஈர மணலில் ஒரு வண்ணத்துப்பூச்சி அமர்ந்திருந்தது. கருஞ்சிறகின் நடுவே நீலப்பச்சைப் பட்டை ஒன்று ஓடிற்று. சற்றுப் பொறுத்து அவர் விலகி நின்று, நம்மைக் காமிராவின் வழியே பார்க்கச் சொன்னார். பார்த்தோம். மணலின் ஒவ்வொரு பருக்கையும் தெரிந்தது. கடிகாரச் சுருள் போன்ற அதன் உறிஞ்சுகுழல் நீண்டு மணலைத் துழாவிக்கொண்டிருந்தது. ஏழு பத்தாண்டுகளாக இந்த மண்ணில் வாழ்ந்தும் இதைக் கண்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அவர் கடையநல்லூர்க்காரர், வளைகுடா நாடொன்றில் வேலை, விடுப்பில் வந்தவர். நம் வியப்பைக் கண்டு பையிலிருந்து ஒரு கருநிற வளையத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். இதைப் போன்ற சற்றுப் பெரிய வளையம் ஒன்று காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டப்பட்டிருக்கிறது என்றார். வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தோம். கண்ணாடி ஏதுமில்லை. "உள்ளே ஒன்றுமே இல்லையே தம்பி?" என்றோம். "ஒன்றும் இருக்கக் கூடாது மாமா, இடைவெளிதான் வேலை செய்யுது" என்றார்.

அவர் விளக்கியதை நாம் புரிந்துகொண்ட அளவில் சொல்லிவிடுகிறோம். அந்த லென்ஸ் 300 மில்லிமீட்டர் டெலிபோட்டோ; பழையது; கைமாறி வாங்கியது. தூரத்தில் உள்ளதை அருகே காட்டுவது அதன் தொழில். ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 4 மீட்டருக்குள் இருக்கும் எதையும் அது தெளிவாகக் காட்டாது. இன்று வரும் சில லென்ஸுகள் இதைவிட அருகில் உள்ளதையும் காட்டுமாம், பழையவை காட்டா. 4 மீட்டரில் நின்று எடுத்தால் பூச்சி படத்தின் ஒரு மூலையில் பொட்டுப் போல விழும். லென்ஸைக் காமிராவிலிருந்து சற்றே முன்னுக்குத் தள்ளினால், அது முன்னைவிட அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டத் தொடங்குகிறது. அவ்வாறு தள்ளி வைப்பதற்கான வெற்று வளையந்தான் எக்ஸ்டென்ஷன் டியூப். 27 மில்லிமீட்டர் அளவுள்ள வளையத்தை இந்த லென்ஸோடு சேர்த்தால் 4 மீட்டர் என்னும் எல்லை ஏறத்தாழ 2.3 மீட்டராகக் குறைகிறது. படத்தில் பூச்சி இரு மடங்கு பெரிதாகிறது. இதே அளவுப் படத்தைச் சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸால் எடுக்க வேண்டுமாயின் ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் போய்க் குனிய வேண்டும். அவ்வளவு அருகில் எந்த வண்ணத்துப்பூச்சி நமக்காகக் காத்திருக்கும்?

இந்த வசதிக்கு விலையும் உண்டு. ஒளி கால் பங்குக்கு மேல் குறைந்துபோகும். தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு விரற்கடை அளவே. சிறகு தெளிந்தால் அதன் பின்னுள்ள இலை கலங்கும். இவற்றைவிட நம்மை எண்ண வைத்தது இன்னொன்று. வளையம் மாட்டியிருக்கும் வரையில் அந்த லென்ஸால் 4 மீட்டருக்கு அப்பால் எதையும் தெளிவாகக் காண முடியாது. எதிரே திரிகூடமலை முழுவதும் நின்றாலும் அதற்கு வெறும் புகைதான்.

அஸருக்கு நேரமாகியும் நாம் அங்கேயே நின்றுவிட்டதற்குக் காரணம் வேறு. அந்த வளையம் நம்முடைய பழைய குற்றம் ஒன்றை நினைவூட்டிற்று. அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரிடம் இரவல் வாங்கிய காமிரா ஒன்று சில நாட்கள் நம் வீட்டில் இருந்தது. 50 மில்லிமீட்டர் லென்ஸ். ஒன்றரை அடிக்குள் எதையும் காட்டாது. கொல்லையில் இருந்த மருதாணிச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டி, மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. கூட்டைச் சுற்றி இலை அடர்ந்திருந்ததால் உள்ளே வெளிச்சமில்லை. உம்மா பூக்கட்ட வைத்திருந்த நூலை எடுத்து, மறைத்த கிளைகளை ஒதுக்கிக் கட்டினோம். வெளிச்சம் விழுந்தது. குஞ்சுகளின் திறந்த வாய்கள் செக்கச் செவேலெனத் தெரிந்தன. தாய்ப்பறவை வாயில் புழுவோடு பக்கத்து முருங்கைக் கிளையில் வந்து அமர்ந்தது; கூட்டுக்கு வராமல் அங்கேயே தலையைத் திருப்பித் திருப்பி நின்றது. நமக்காக நிற்கிறது என்று மகிழ்ந்து அதையும் எடுத்தோம். பிலிம் தீரும் வரை எடுத்தோம்.

கிளைகளை அவிழ்த்துவிட மறந்துபோயிற்று. மறுநாள் காலையில் கூட்டில் ஒன்றுமில்லை. காகமோ, பூனையோ, யார் கண்டார்? உம்மா நம்மைத் திட்டவில்லை. "அந்த வீட்டுக்குள்ளே போறதுக்கு முன்னாடி வீட்டுக்காரிக்கு ஸலாம் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

உம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆயினும் அவர்கள் தொட்ட இடம் ஆழமானது. பிறர் இல்லத்துள் நுழையுமுன் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி வந்ததே பார்வையின் பொருட்டுத்தான் என்பது நம் குடும்பங்களில் எல்லோரும் அறிந்த செய்தி. கால் வாசலைத் தாண்டாவிட்டாலும், கண் தாண்டினால் அது மீறலே. அப்படியானால் பறவையின் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் அவ்வகையைச் சேர்ந்ததா? எட்ட நின்று, அது அறியாமலே, வளையமும் லென்ஸும் கொண்டு பார்ப்பது இன்னும் பெரிய மீறலா, அல்லது மீறலே இல்லையா?

இங்கே ஓர் அறிஞரைத் துணைக்கு அழைப்போம். பஸராவில் ஏறத்தாழ 965-ல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஒளியியலைப் பற்றிக் கிதாபுல் மனாழிர் என்னும் நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று பழைய கிரேக்க அறிஞர் சிலர் கருதியிருந்தனர். அவர் அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதே பார்வை என்று நிறுவினார். ஒழுக்கத்துக்கும் இதில் ஒரு செய்தி இருப்பதாக நமக்குப் படுகிறது. கண் கதிரை வீசுவது உண்மையாயின் பார்ப்பது என்பதே தொடுவதாகும். கண் பெறுவது மட்டுமே என்றால், பார்க்கப்படும் பொருள் பார்வையால் எதையும் இழப்பதில்லை. வண்ணத்துப்பூச்சியின் மீது பட்டுத் தெறித்த சூரிய ஒளியில் ஒரு துளி நம் லென்ஸுக்குள் வந்தால் அதற்கு என்ன குறைந்துவிடும்? (பிளாஷ் விளக்கைப் பயன்படுத்துவோர் மட்டும் கிரேக்கர் கொள்கைக்கே திரும்பிவிட்டார்கள், அவர்கள் ஒளியை வீசித்தான் பார்க்கிறார்கள்.)

மனிதனுக்கு மட்டும் இது போதாது. அவனுக்கு மானம் உண்டு. தான் பார்க்கப்பட்டதை அவன் அறியாவிட்டாலும் அவனுடைய மறைவு குலைந்துவிடுகிறது. பறவைக்கு மானம் என்று ஒன்றிருப்பதாக நாம் அறியோம். அச்சம் உண்டு; பசி உண்டு; குஞ்சின் மீது பாசம் உண்டு. ஆகவே பறவைக்கு நாம் இழைக்கும் தீங்கை இவற்றைக் கொண்டுதான் அளக்க வேண்டும். அது அஞ்சவில்லை, உண்பதை நிறுத்தவில்லை, குஞ்சை விட்டு நீங்கவில்லை என்றால் நாம் பார்த்ததில் குற்றமில்லை என்றே கருதுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய் வந்து சிறகடித்துத் தவித்ததையும், குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு நாயகம் ஆணையிட்டதையும் அபூதாவூது தொகுப்பில் காண்கிறோம். அங்கும் முதலில் கேட்கப்பட்டது, அந்தப் பறவையைத் துயருறச் செய்தவர் யார் என்பதுதான்.

அருகிலிருந்து பார்ப்பதற்கு மனிதன் கொடுத்துவந்த விலையை எண்ணினால் இந்த வளையம் எவ்வளவு பெரிய நன்மை என்பது விளங்கும். ஒரு பறவையின் கழுத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று அறிய, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சுடுவதே வழி. ஸாலிம் அலீ அவர்களின் வாழ்வே அவ்வாறுதான் தொடங்கிற்று. பம்பாயில் சிறுவனாக இருந்தபோது, 1908 அளவில், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தது. உண்ணத் தக்கதுதானா என்ற ஐயத்தோடு மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் எடுத்துச் சென்றார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பினார். பதப்படுத்தப்பட்ட பறவைகளை அங்கே அறை அறையாகக் கண்ட சிறுவன் இந்தியாவின் தலைசிறந்த பறவையியலாளராக வளர்ந்தான். 1933-ல் திருவிதாங்கூரில், நம் மலைக்கு மறுபுறத்தில், பறவைகளைக் கணக்கெடுத்தவரும் அவரே. 1985-ல் வெளியான தன் வரலாற்று நூலுக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டதை அவர் மறைத்ததுமில்லை. அந்தக் காலத்தில் வேறு வழியில்லை என்பதை நாமும் ஒப்புவோம். இன்று வழி இருக்கிறது என்பதுதான் செய்தி.

செடி கொடிகள் பறந்து ஓடுவதில்லை. அதனால் அவற்றின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இதே குற்றாலத்தில் செடிகளைத் திரட்டினார். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் பூவின் மகரந்தப் பை வரை வரைந்து கொடுத்தார்கள். அவர்கள் காட்டிய பொறுமையில் ஒரு பங்கு இன்று காமிரா ஏந்துவோரிடம் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'அன்று இது நம்மிடம் இருந்திருந்தால் அந்தக் குஞ்சுகள் பிழைத்திருக்குமே' என்று நாம் முதலில் எண்ணியது உண்மை. எண்ணி முடிப்பதற்குள்ளேயே அது பொய் என்று பட்டுவிட்டது. ஏழடி தள்ளி நின்றிருந்தாலும் இலை மறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். நூலை எடுத்துக் கிளையைக் கட்டித்தான் இருப்போம். கூட்டைக் காகத்துக்குக் காட்டிக்கொடுத்தது நாம் நின்ற தூரம் அன்று. நாம் கட்டிய நூல். கருவியை மாற்றியிருந்தால் படம் இன்னும் தெளிவாக விழுந்திருக்கும், அவ்வளவே.

வளையத்தின் மறுபக்கமும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு முழத்தில் குனிந்து எடுப்பவனோடு ஒப்பிட்டால், வளையம் மாட்டிய டெலிபோட்டோக்காரன் தள்ளி நிற்கிறான். ஆனால் வளையம் மாட்டாத அதே டெலிபோட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த லென்ஸ் தானாகவே ஒரு வேலி போட்டிருந்தது. 4 மீட்டருக்குள் வராதே, வந்தால் காட்டமாட்டேன் என்றது. வளையம் அந்த வேலியைப் பிடுங்கி, இன்னும் ஐந்தடி முன்னே வா என்கிறது. எட்ட நிற்க உதவும் கருவியும் இதுதான். கிட்ட வரத் தூண்டும் கருவியும் இதுதான். எவனுடைய கையில், எதற்குப் பதிலாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒவ்வோர் உயிரும் தனக்கென ஒரு தூரத்தை வைத்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் ஹைனி ஹெடிகர் அதை ஆராய்ந்து எழுதினார்: பகை அந்த எல்லையைக் கடந்தால் விலங்கு ஓடும், கடக்காத வரை தன் வேலையைப் பார்க்கும். அந்தத் தூரம் லென்ஸின் மேல் பொறித்த எண்ணில் இல்லை. மேய்கின்ற மான் தலையைத் தூக்குவதில் இருக்கிறது. இரையோடு வந்த பறவை கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் தயங்குவதில் இருக்கிறது. முருங்கைக் கிளையில் நின்ற அந்தத் தாய் நமக்கு அதைத்தான் சொல்லிற்று. நாம் அதையும் படமாக எடுத்துக்கொண்டோம்!

ஈர மணலில் அமரும் வண்ணத்துப்பூச்சிக்கும் வேலை உண்டு. அது விளையாட்டுக்காக அங்கே உட்காரவில்லை. பூந்தேனில் கிடைக்காத உப்புச் சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. பெரும்பாலும் ஆண் பூச்சிகளே இவ்வாறு செய்கின்றன. திரட்டிய உப்பை இணையும்போது பெண்ணுக்குக் கொடுக்க, அது முட்டைகளுக்குப் போய்ச் சேருகிறது. மணலில் இருந்து எழுப்பிவிடப்பட்ட பூச்சி மீண்டும் வந்து அமரலாம், அமராமலும் போகலாம். அதன் வாழ்நாள் பல மாதங்கள் நீள்வதில்லை; சாரல் நாளில் வெயில் விழும் நேரமோ அதனினும் குறைவு.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'ஐயா, சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கூடாதென்று தடை இருந்தும் அருவியில் உறைகள் மிதக்கின்றன. சாலைக்கும் தோட்டத்துக்கும் மலை வெட்டப்படுகிறது. இவ்வளவுக்கும் நடுவே ஒரு பூச்சியின் உப்புக்காகவா ஒரு கட்டுரை?' கேள்வி நியாயமானது. ஆனால் பெரிய தீங்குகளைச் செய்பவர்கள் தீங்கு செய்கிறோம் என்றே எண்ணுவதில்லை. காமிராக்காரனோ அந்த உயிரை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். நேசிப்பவனிடம் நேசத்தின் கணக்கைக் கேட்பதில் தவறில்லை. தவிர, நேசத்தால் விளையும் கேட்டைக் காணக் குற்றாலத்தைவிட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் பாடிய குரங்குகள் மலையின் கனியை உண்டு வாழ்ந்தவை. அவற்றின் வழிவந்தவை இன்று கடைத்தெருவில் பிஸ்கட்டுப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகின்றன. கையால் ஊட்டினோம், பிள்ளைகளை அருகில் நிறுத்திப் படம் எடுத்தோம். அவற்றின் தூரத்தை நாமே அழித்துவிட்டு, இப்போது குரங்குத் தொல்லை என்கிறோம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. படம் பார்த்துத்தான் மக்களுக்கு அன்பு பிறக்கிறது. அன்பு பிறந்தால்தான் காடு பிழைக்கும் என்பது. இதில் உண்மை உண்டு. 2019-ல் தமிழ்நாட்டு அரசு 'தமிழ் மறவன்' என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலப் பூச்சியாக அறிவித்தபோது, நம் மலைத்தொடரில் அப்படியொன்று இருப்பதையே பலர் படத்தின் வழியாகத்தான் அறிந்தார்கள். ஓர் உயிரினம் எங்கே, எப்போது காணப்பட்டது என்பதற்குத் தெளிவான படம் சான்றாகிறது. சுட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. இந்த நன்மையை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் அந்த நன்மையைக் காட்டி, கலைக்கப்பட்ட கூட்டுக்குக் கணக்குத் தீர்த்துவிட முடியாது. நம் கொண்டைக்குருவியின் படத்தைக் கண்டு பத்துப் பேர் பறவைகளை நேசிக்கத் தொடங்கியிருக்கலாம். அந்த நேசத்தில் அதன் மூன்று குஞ்சுகளுக்கு என்ன பங்கு? ஒருவர் பொருளை எடுத்து இன்னொருவருக்குத் தானம் செய்வது தானமாகாது.

சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்வதும் பிடிப்பதும் மட்டும் இல்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அதில் அடங்கும். குற்றால மலைகளையும் உட்கொண்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம் 2015-ல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துள் படமெடுக்க அனுமதி பெற வேண்டும். ஆனால் மருதாணிச் செடிக்குக் காவலர் யார்? கொல்லைப்புறத்தில் நம் உம்மா கேட்ட கேள்விதான் காவல்.

வேறொரு குறையும் நம் மனத்தில் உறுத்துகிறது. அந்த இளைஞரிடமும் சொன்னோம். காமிராவின் வழியே பார்த்தபோது வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னால் மென்பச்சைப் புகை ஒன்று தவழ்ந்தது. சுவனத்தில் அமர்ந்ததுபோல் இருந்தது. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பச்சை ஒரு நசுங்கிய பானப் புட்டி. அதன் பக்கத்தில் இரண்டு ஷாம்பு உறைகள். அவ்வளவு அருகில், அவ்வளவு நீண்ட லென்ஸ், பின்னால் உள்ளதையெல்லாம் கரைத்துவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை; ஆயினும் படத்தைப் பார்ப்பவன், குற்றாலத்தில் எல்லாம் நலம் என்று எண்ணிக்கொள்வான். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தாமே பல பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய காமிராவோடு காடுகளில் அலைந்தவர். கறுப்பு வெள்ளையை விட்டு மாறாதவர். யானைகளை அவை நிற்கும் காட்டோடும் புல்லோடும் சேர்த்துக் காட்டும் படங்கள் அவருடையவை. அத்தகைய படங்களுக்கு நாம் ஒரு படி கூடுதலாகவே மதிப்புக் கொடுப்போம். இளைஞர் இதைக் கேட்டுச் சிரித்தார். "புட்டியோட எடுத்தா யாரு மாமா பார்ப்பாங்க?" என்றார். பதில் நம்மிடம் இல்லை. ஆனால் சற்று நேரத்தில் சாதாரண லென்ஸை மாட்டி, புட்டியும் உறையும் தெரிய இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்.

எங்கே இந்தக் கருவி முழுமையாக நியாயமாகிறது என்று கேட்டால், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களைக் காட்டுவோம். பூக்கும் பருவத்தில் அங்கே கார்களும் வேன்களும் வரிசையாய் நிற்கும். பூவோடு முகம் வைத்துப் படமெடுக்க வருவோர் செடிகளுக்கு உள்ளே புகுந்துவிடுவார்கள். மிதிபட்ட செடிக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. நம் இளைஞர் வரப்பிலேயே முக்காலியை ஊன்றி, ஏழடி உள்ளே பூவில் புரளும் தேனீயின் காலில் ஒட்டிய மகரந்த உருண்டையை எடுத்திருக்கிறார். படத்தைக் காட்டினார். "உடையவர் வந்து என்ன பண்றேன்னு கேட்டார் மாமா, காட்டினேன், மோர் குடுத்தார்" என்றார். தேனீக்கும் தெரியவில்லை, செடிக்கும் சேதமில்லை, நிலத்துக்காரருக்கும் மனக்குறையில்லை.

நாம் பேசிக்கொண்டிருந்த வேளையில் வண்ணத்துப்பூச்சி உறிஞ்சுகுழலைச் சுருட்டிக்கொண்டு, ஒருமுறை சிறகை விரித்து மூடி, எழுந்து போயிற்று. அவர் பின்தொடரவில்லை. "அது வேலை முடிஞ்சிருச்சு" என்றார். லென்ஸைக் கழற்றி, நடுவிலிருந்த வளையத்தை எடுத்துத் துடைத்து, துணியில் சுற்றிப் பையில் வைத்தார். பிறகு லென்ஸை மீண்டும் மாட்டி மலைப் பக்கம் திருப்பினார். மேகம் விலகியிருந்தது. மேலே தேனருவிப் பக்கத்துப் பாறையில் தேன்கூடுகள் தொங்கும் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், இங்கிருந்து தெரியுமா என்றும் கேட்டார். தெரியாது என்றோம்.

இரவு வீட்டுக்கு வந்து பழைய ஆல்பத்தை எடுத்தோம். மருதாணிச் செடியின் படம் இன்னும் இருக்கிறது, ஓரம் மஞ்சளடித்துவிட்டது. மூன்று வாய்களும் திறந்தபடியே இருக்கின்றன. நல்ல படம் என்று வந்தவர்க்கெல்லாம் காட்டிய படம். பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தோம். இடப்பக்க மூலையில், கிளையைச் சுற்றி, வெள்ளையாக ஒரு நூல் போகிறது. முடிச்சுக்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.